பேரீச்சம்பழத் தட்டான மேளம்

துபாய்
18.11.2007

அன்பு மகள் ராதிகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, என் முழங்கால் மட்டும் படிக்கட்டில் முனகுகிறது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவின்றி இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், பேச ஆரம்பித்தால் எனக்கு வரிசை தப்பிவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் உள்ள கில்பிரைட் என்ற ஐரிஷ் பப் உனக்கு நினைவிருக்கும். அதற்கு இந்த மாதம் இருபது வயது. அதன் மேனேஜர் பிரண்டன் நான் பார்க்கும் ஹோட்டல் ஸ்டோருக்கு வந்து, விழாவில் வாசிக்க அதன் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்றார். குடிக்காதவன், உள்ளே உட்கார்ந்தே அறியாதவன், நான் எப்படி என்று தயங்கினேன். பழைய காகிதமெல்லாம் கட்டட வேலையில் போய்விட்டது, மிஞ்சியது உங்கள் ஸ்டோர் நோட்டுகள்தான் என்றார். ரமலான் மாதத்தில் அங்கே வாத்திய வாசிப்பு கிடையாது, அதனால் வருடாவருடம் பிடில், குழல், அக்கார்டியன் எல்லாம் சீட்டுக் கட்டி என் ஸ்டோருக்கு வரும், பெருநாளன்று திரும்பிப் போகும். யாருடைய வாத்தியம், அவர் எங்கே வேலை பார்க்கிறார், எந்த வருடம் வந்தார் என்று நான் எழுதி வைத்தது வரலாறாகிவிட்டது. கம்பளக் கிடங்காயிருந்த அறையில் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்ததுதான் தொடக்கம், இன்றுவரை மேடை கிடையாது. தொண்ணூறில் போர் வந்தபோது குவைத்திலிருந்து பாஸ்போர்ட்டும் பிடிலுமாகத் தப்பி வந்த ஒரு நர்ஸுக்கு அந்த மேசைக்காரர்கள்தான் ஒரு மாதம் இடமும் சோறும் கொடுத்தார்கள். எழுத எழுத எனக்கே பெருமையாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அந்த ரமலானுக்கு பிரண்டன் வாசிக்கும் ஐரிஷ் மேளம் பையும் சீட்டும் இல்லாமல், வெறும் தாளில் சுற்றி வந்தது. ஆட்டுத்தோல், சுற்றிலும் மரச்சட்டம், ஒரு பக்கம் திறப்பு, பார்க்கத் தாம்பாளம்தான். நான் அலங்காரத் தட்டு, பெரியது, ஒன்று என்று பதிந்து கிச்சன் அலமாரியில் வைத்தேன். இஃப்தார் விருந்துக்குத் தட்டு கேட்டு வந்த கிச்சன் கார்மேகத்திடம் நானே எடுத்தும் கொடுத்தேன். முப்பது நாளும் அதில் பேரீச்சம்பழத்தைக் குவித்தார்கள், வந்தவர்கள் பழைய அரபுத் தட்டு என்று போட்டோகூட எடுத்தார்கள். பெருநாளன்று பிரண்டன் தன் மேளத்தைத் தேடிக் கண்டெடுத்துத் தட்டிப் பார்த்தபோது தோல் ஊறித் தொய்ந்து, கையில் பாகுதான் ஒட்டியது. கார்மேகம் கேட்காமல் எடுத்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். என் வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. நல்லவேளை, அவர் வேலை போகவில்லை, ஆனால் பதினைந்து வருடமாக ஆளாளுக்கு கஜூர்வாலா, ஜல்தி ஆவோ, அதாவது பேரீச்சம்பழக்காரா, சீக்கிரம் வா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். அம்மா பார்த்துவிட்டு, எழுதுனா முழுசா எழுதுங்க, இல்லேன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க என்றாள். முழுசாகவே எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை நூறு பேருக்கு முன் வாசித்தேன். கார்மேகம் கிச்சன் கதவோரம் நின்றிருந்தார். மேளத்தைத் தட்டாக்கியவன் அவரல்ல, நான் என்று வாசித்தேன். பிரண்டன் மேசையைத் தட்டிச் சிரிக்க, கூட்டமே சிரித்தது, கார்மேகத்தை உள்ளே இழுத்து வந்து தோளில் தூக்காத குறை. அம்மா ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு, இதுக்கா இத்தனை வருசம் பயந்தோம், கல்யாண வீடாட்டம்ல இருக்கு என்று காலால் தாளம் போட்டாள்.

கூட்டம் கலையும்போது கார்மேகத்திடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு மறக்குமா சார், நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க, அப்ப உங்க பாப்பா இங்கன படிச்சுட்டு இருந்துச்சு, நான் ஒண்டிக்கட்டை, போகட்டும்னு விட்டுட்டேன் என்றார். நான் கண்ணைத் துடைப்பதற்குள், ஆனா இருந்த ஒரு பேரையும் புடுங்கிட்டீங்களே சார், நாளைலேருந்து என்னைய எவன் மதிப்பான் என்றாரே பார்.

அப்போது நீ எட்டாம் வகுப்பு, ராதிகா. முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் அவரைச் சாப்பிட அழைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் போன் செய், முதலில் அவரிடம் பேசு. சிரமம் அறியாமல் மூவரும் நீடூழி வாழ அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் அப்பா,
உமாபதி