இரண்டாவது சூடு

என் மகளின் அப்பாவுக்கு,

பாதாம் பிஸ்காட்டி என்ற இத்தாலிய பிஸ்கட்டை இரண்டு முறை சுட வேண்டும். முதலில் மாவை உருட்டி முழுக் கட்டையாக. பிறகு துண்டு போட்டு, மொறுமொறுப்பாகும் வரை மறுபடியும். கெட்டியானதைக் கடிக்க முடியாத உங்கள் கடைவாய்ப் பல்லுக்காக, இருபது வருடமும் முதல் சூட்டோடு அடுப்பிலிருந்து எடுத்துவிடுவேன். "இவளுக்குச் சுடவே வரலை" என்று உங்கள் அக்கா சிரித்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

நேற்று உங்கள் புது வீட்டிலிருந்து திரும்பிய மகள் சொன்னாள்: "அங்க அப்பா கல்லு மாதிரி பிஸ்காட்டியைக் கடக்முடக்குனு கடிக்கிறாரும்மா. அந்தம்மா கைப்பக்குவம்னு ஒரே புகழ்ச்சி."

பல் எப்படியிருக்கிறது என்று கேட்க மாட்டேன்.

இன்று இரண்டு முறை சுட்டேன். எனக்கு என்றைக்கும் பிடித்தது இதுதான். ஆசையாகக் கடித்தேன். இப்போது பல் ஆடுவது எனக்கு.

காப்பியில் நனைத்துத் தின்றபடி,
உங்கள் பழைய வீட்டுக்காரி