குழந்தைத் துணி காயும் தெரு

என் தங்கமான அப்பாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் துணி காயப்போடக் கொடி உண்டா? சிரிக்காதே. இந்தக் கடிதமே கொடியைப் பற்றியதுதான்.

முதலில் சேதி. உன் மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரே அறையில் தங்கி, தினமும் பிரெட்டைத் தின்றுகொண்டு எங்களுக்கு வீடு தேடினார். அடுத்த மாதம் நானும் ரூத்தும் கிளம்புகிறோம். நீ பார்க்காத உன் பேத்திக்கு நாலு வயதாகிறது. வாய் அப்படியே உன் வாய், ஓயாது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே பதினாலாம் மாடியில் அவளுக்கு ஒரே சிநேகிதி, லிஃப்டில் கதவு மூடுகிறது என்று சொல்லும் குரல்தான். இறங்கும்போது அதற்கு 'பை' சொல்லிவிட்டுத்தான் வருவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியாது.

இந்த வீட்டைப் பார்க்க நீ வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரு கொடிகூட காணோமே?" என்றாய். பால்கனியில் துணி போட இங்கே அனுமதி இல்லை என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். அப்போது ரூத் வயிற்றில் இருந்தாள். நீ காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாய். மன்னிப்புக் கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாயே, பாவி மனுஷா!

நீ என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா? கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடி, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு நீ பெங்களூருக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு மர்பி டவுனில் சந்து சந்தாக வீடு தேடினாய். ஒரு வீட்டெதிரே நின்று கொடியையே பார்த்தாய். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

"யோவ், இன்னாயா பொம்பளைங்க துணிய மொறச்சி பாத்துனு நிக்கிற?"

"ஐயோ தாயீ, கொயந்த துணி எதுனா காயுதான்னு பாத்தேன். ஊருக்குப் புச்சு. எம்பொண்ணுக்கு வெளாட ஆளு வோணும்."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏ விமலா, வெளிய வாடீ!" என்று மகளைக் கூப்பிட்டாள். அந்த விமலாதான் என் கல்யாணத்தில் தோழியாக நின்றவள். அதே சந்தில் நமக்கும் வீடு கிடைத்தது; மழைக்கு ஒழுகும் வீடு. அம்மா உன்னைத் திட்டாத நாளில்லை. எனக்கு மட்டும் அது சொர்க்கம்.

போன சனிக்கிழமை உன் மாப்பிள்ளை இரண்டு பேட்டைகளை வீடியோவில் காட்டினார். முதலாவது ஆபீஸ் பக்கம். ஏரி, லிஃப்ட், சத்தமே இல்லை. அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. போனை மேலே தூக்கச் சொல்லி ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பூந்தொட்டிதான்.

இரண்டாவதில் டிராம் கடகடவென்று போகிறது. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, படியேற வேண்டும். மறுபடியும் தூக்கச் சொன்னேன்.

"ஏய் மெர்சி, ஸ்வல்ப சும்மா இரு. அடுத்தவங்க பால்கனிய இப்டி பாத்தா போலீஸக் கூப்டுவாங்க."

"தொடப்பத்தோட வந்தா எங்கப்பன் பேரச் சொல்லுங்க."

அதற்குள் ரூத் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, குட்டி சாக்ஸ்! அங்க பாரு, இன்னொரு குட்டி சாக்ஸ்!" எதிர்வீட்டுப் பால்கனியில் மடக்குக் கம்பியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. "அந்தப் பாப்பா பேரு என்னா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த அவர் அதற்குமேல் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கே இரண்டாவது வீட்டுக்குச் சரி சொல்லிவிட்டார்.

பயம் இல்லாமல் இல்லை அப்பா. அந்த மொழி வராது. அரிசி மூட்டையை மூன்று மாடி யார் தூக்குவது? அந்தப் பிள்ளை இவளோடு சேருமோ, சேராதோ? ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். போய் இறங்கியதும் பெட்டியிலிருந்து முதலில் ரூத்தின் மஞ்சள் கவுனை எடுத்து, நனைத்துப் பிழிந்து, பால்கனியில் காயப்போடுவேன். ஊருக்குப் புதிதாக வந்த யாராவது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்து நின்றால், யார் என்ன என்று கேட்க மாட்டேன். உள்ளே திரும்பி, "ஏ ரூத், வெளிய வாடீ!" என்பேன்.

அன்றைக்கு உன்மேல் எரிந்து விழுந்த, உன் ஒரே மகள்
மெர்சி