பேர் விட்டுப்போன ஞானஸ்நானம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மச்சானுக்கு,

விஜிலா எழுதுவது. மாதா உங்கள் கப்பலுக்கு முன்னால் போகட்டும். உங்கள் கப்பலில் ஏறுவதற்காக ஜெஃப்ரி நாளை சிங்கப்பூர் புறப்படுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் உடனே திருப்பிக் கேட்பீர்கள், பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

போனில் நீங்கள் கேட்டபோது, பிள்ளை மாதம் முந்திப் பிறந்துவிட்டான், மற்றபடி நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். அது பொய். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவனை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறான். காலையில் வந்து குழந்தைகள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை இங்கேதான். இந்தக் கடிதத்தையும் மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு மடியும் காரணம், பயமும் காரணம்.

அவன் மூச்சுவிட மறந்துவிடுகிறான், மச்சான். டாக்டர் அப்படித்தான் சொன்னார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பான், திடீரென்று நெஞ்சு அசையாது, மிஷின் கத்தும். நர்ஸ் ஓடிப்போய் உள்ளங்காலில் சுண்டுவாள். அதற்குப் பிறகு ஞாபகம் வந்தவன் போல மூச்சை இழுப்பான். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எனக்கு இப்போது உயிர் போய் உயிர் வருகிறது.

உங்கள் அம்மாவுக்கு இதிலும் பெருமை. "சங்கு குளிக்குத வம்சம்லா, இப்பவே மூச்ச அடக்கிப் பழகுதான்" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரிகளிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

இனி முக்கியமான விஷயம். பிறந்த மறுநாள் மத்தியானம் அவனுக்கு ரொம்ப மோசமாகிவிட்டது. நான் மாடி வார்டில், தையல் போட்ட வயிற்றோடு, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். நம்ம கோயில் ஆன்டனி சாமியாருக்குப் போன் போட்டால் அவர் மணப்பாட்டில் இருக்கிறார். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் பெட்டி இருக்கிற அறைக்குள் டாக்டரையும் நர்ஸையும் தவிர யாரையும் விடமாட்டார்கள். உங்கள் அம்மாவையே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் எனக்கு ஊசி போட வந்த நர்ஸ் சண்முகத்தாய். ஆழ்வார்திருநகரிப் பெண், நெற்றியில் திருநீறு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எனக்கு ஒங்க மந்திரம் தெரியாதேக்கா, தப்பாச் சொல்லிப் பாவமாயிரக் கூடாதுல்லா" என்று அவளும் அழுதாள். சொல்லிக் கொடுத்தேன். என்ன பேர் என்று கேட்டாள். யோசிக்க நேரம் எங்கே இருந்தது? ரோச் என்று உங்கள் அப்பா பேரைச் சொல்லிவிட்டேன். கடைக்குச் சாமான் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி, அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் சுத்தமான தண்ணீர் எடுத்து, நெற்றியில் மூன்று தடவை விட்டாளாம். பிதா, சுதன், தூய ஆவி எல்லாம் பிசகாமல் வந்ததாம். பேர் மட்டும் மறந்துபோனதாம். திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பேரு வாயில வரலைக்கா. 'நம்ம பிள்ளையே, ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்'னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. மாமிக்குத்தான் வந்தது. "ஏளா, திருநீறு பூசுன கை, அதுலயும் பேரு இல்லாம! இது எங்கனளா மோட்சத்துல சேரும்?" என்று கேட்டார். கேட்டது அவர்தான் என்றாலும் அந்தப் பயம் எனக்குள்ளேயும் இருந்தது. சாயங்காலம் சாமியார் வந்ததும் முதலில் இதைத்தான் கேட்டேன். அது முழு ஞானஸ்நானம்தான், திருச்சபை கொடுக்கிறதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தானே அந்தப் பெண் ஊற்றினாள், மறுபடி ஊற்றக்கூடாது, பேர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். பிள்ளை பிழைப்பானா என்று அவர் சொல்லவில்லை.

மாமி பனிமய மாதாவுக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்திருக்கிறார். மொட்டை, மணப்பாட்டுக்கு நடை, பிறகு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி. நானும் விடவில்லை. இனிமேல் மாமியை எதிர்த்துப் பேசமாட்டேன் என்று நேர்ந்தேன், அதிலிருந்தே என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஒருநாள் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. நான் கொடுத்தது போதாது என்று ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

பக்கத்தில் மாமி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய பழைய பாஷையில். நாம் எல்லாம் "அருள் நிறைந்த" என்று சொல்கிற இடத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண" என்பாரே, சின்ன வயதில் அது என்ன தைலம் என்று கேட்டு நீங்கள் அடிவாங்கினீர்களே, அதேதான். பிரியதத்தம். பிரியமாய்த் தத்தம் பண்ணியது, சும்மா கொடுத்தது. அன்றைக்குத்தான் அந்த வார்த்தை என் காதில் பிரிந்து விழுந்தது. அவன் என்ன நேர்ந்தான், சொல்லுங்கள்? தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் விட்டவளுக்கு அது இன்னதென்றே தெரியாது. கேட்ட நான் கட்டிலில் கிடந்தேன். அப்படியும் அது அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் நேரவில்லை. பயம் மட்டும் போகவில்லை, மச்சான். கொடுத்தவர் கேட்டால் என்ன செய்வேன் என்ற பயம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு பயத்தை மாமியிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். ரோச் என்றே பதிந்துவிட வேண்டும் என்று அவர் அவசரப்படுத்துகிறார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மாமா அன்றைக்குச் சங்கெடுக்க மூச்சடக்கி முங்கியவர் மேலே வரவேயில்லை. அந்தப் பேரைச் சண்முகத்தாய் மறந்தாளே, அதையும் அருள் என்றுதான் நினைக்கிறேன். இது பாவமென்றால் என் தலையில் இருக்கட்டும்.

பெட்டியில் இன்னும் "விஜிலா பேபி" என்றுதான் ஒட்டியிருக்கிறார்கள். மிஷின் கத்தும்போது சண்முகத்தாய் காலைச் சுண்டி "ஏலே, ஏலே" என்று கூப்பிடுகிறாள். ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பேர்தானே. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அதனால் நீங்கள் ஒரு பேர் வையுங்கள். யோசித்து வைத்தது உங்களிடம் இருக்கும், எனக்குத் தெரியும். சிக்னல் கிடைத்ததும் உங்கள் குரலில் அதைச் சொல்லி அனுப்புங்கள். போனைத் துடைத்து உறையில் போட்டு அவன் காதருகே வைப்பதாகச் சண்முகத்தாய் சொல்லியிருக்கிறாள்.

உங்களைக் காத்து வருகிறவர் அவனையும் காக்கட்டும். பேரைச் சத்தமாகச் சொல்லுங்கள், மச்சான். ஒருதடவை போதாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கல்லறையில் எழுதுகிற பேர் மாதிரி இருக்க வேண்டாம். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவீர்களே, அப்படிக் கூப்பிடுங்கள்.

நம்ம பிள்ளைக்காகக் காத்திருக்கும்,
விஜிலா