கை கால் நன்றாக இருப்பவனுக்கு ஓய்வூதியம்

பாய்,

இன்று உங்கள் தெருவில் ஒரு கல்யாணம். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். பந்தலுக்குப் பின்னால் தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். நெய்ச்சோற்று வாசனை தெருமுனை வரை வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே எனக்கு ஏதோ விழித்துக்கொண்டதுபோல இருந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன். வாசனையால் வலி வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கும் தெரியும். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை துண்டை எடுக்கவில்லை.

உங்கள் மகள் நிக்காஹ் அன்று நீங்கள் பந்தியில் உட்கார்ந்து, ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்களே, அது ஞாபகம் வந்தது. எதிரில் இருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

போடிமெட்டைத் தாண்டி ஒரே எஸ்டேட்டில்தான் இருவருக்கும் வேலை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் நான் மூட்டை தூக்குவேன், அடுப்புக்கு விறகு தள்ளுவேன். நீங்கள் போடியிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் ஜீப்பு டிரைவர். பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு மழைநாளில் ஸ்டோருக்குப் பின்னால் முழங்காலை மடக்கி, நெற்றி தரையில் முட்டக் கவிழ்ந்து கிடந்தேன். அப்படிக் கிடந்தால்தான் வலி கொஞ்சமாவது விடும். கங்காணி எட்டிப் பார்த்து, "காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்துட்டான்" என்று சொல்லிப் போனார். நீங்கள் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள்.

"மாப்ளே, வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்குப் போகுதா?"

தலையை ஆட்டினேன்.

"குனிஞ்சா கொஞ்சம் விடுதா?"

"ஆமா பாய்."

"எனக்கும் அப்படித்தான். வெளிய சொல்லிராத."

அன்றைக்கு நீங்கள்தான் என்னை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, குலுங்காமல் ஓட்டினீர்கள். எந்தக் குலுக்கல் எங்கே குத்தும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கல். "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்றுதான் முதல் கேள்வி. வெளியே வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "அஞ்சு வேளையும் தொழுகிறவன், என்னையே அப்படித்தான் கேட்டாங்க. நாம தொடாத சரக்குக்கு நமக்குப் பேரு, பாத்தியா?"

தேனி ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாதான் பிறகு விளக்கமாகச் சொன்னார். குடிக்காதவர்களுக்கும் இது வருமாம். பின்னால் சர்க்கரை வியாதியையும் இழுத்துக்கொண்டு வருமாம். சாப்பாட்டோடு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம், போன கணையம் திரும்பாது என்றார். எனக்குள் பயம் குடியேறியது அன்றைக்குத்தான். அதற்கு முன் வலிக்கும்போது மட்டும்தான் பயம். அதற்குப் பிறகு வலிக்காதபோதும்.

உடம்பு உருகியது. மூட்டையைத் தொட்டாலே மூச்சு வாங்கியது. உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள். நன்றாகத்தான் இருந்தன. உங்கள் ஜீப்பில் வந்த ஒரு சங்கத்துக்காரர்தான் வழி சொன்னார். பி.எஃப். பிடிக்கிற வேலை என்பதால், இனி அந்த வேலையைப் பார்க்கவே முடியாது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால் எனக்கு ஓய்வூதியம் உண்டு. அதை நீங்கள் வந்து எனக்குச் சொன்னபோது, "நீங்களும் போடுங்க பாய்" என்றேன்.

"சின்னவ நிக்காஹ் முடியட்டும். சீக்குக்காரன்னு தெரிஞ்சா சாவியை வாங்கிருவாங்க. வீட்லயே வாயுக்கோளாறுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

மருத்துவக் குழு கூப்பிட்ட நாளில் நீங்கள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தீர்கள். அன்று பார்த்து எனக்கு வலியே இல்லை. எத்தனையோ நாள் வேண்டிக் கிடைக்காத நிம்மதி, அன்று எனக்கு எமனாகத் தெரிந்தது. வலி இல்லாத முகத்தைப் பார்த்து இவனுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால்? வாசலுக்கு எதிரே ஒரு கடையில் புரோட்டா அடித்துக்கொண்டிருந்தார்கள். சால்னாவில் எண்ணெய் மிதந்தது. ரெண்டு தின்றால் போதும், உள்ளே போவதற்குள் சுருண்டு விழுவேன், அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று போய் உட்கார்ந்துவிட்டேன். இலையில் கை வைக்கும்போது நீங்கள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? செத்துப் போயிட்டா யாருக்குடா பென்ஷன்?"

"பயமா இருக்கு பாய்."

"எனக்கு மட்டும் இல்லையா? எந்திரி, கூப்பிடப் போறாங்க."

உள்ளே மூன்று டாக்டர்கள். ஸ்கேனைப் புரட்டிக்கொண்டே ஒருவர், "நடக்கிறீங்க, பேசுறீங்க. எதனால வேலை பார்க்க முடியாது?" என்றார். ராத்திரி பகலாகப் பேசிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. கதவருகே நின்ற நீங்கள் அனுமதி கேட்காமலே உள்ளே வந்தீர்கள்.

"அய்யா, இவனுக்குச் சொல்லத் தெரியல. நான் சொல்றேன். வலி வந்தா தண்ணி இறங்காது. மூட்டை இல்ல, சட்டையே பாரமா இருக்கும். எப்ப வரும்னு தெரியாது, அதுக்குப் பயந்தே பாதி உசுரு போயிரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இதே சீக்குதான்யா."

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

கொஞ்சம் தயங்கினீர்கள். "மலையில ஜீப்பு ஓட்டுறேன்."

கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தும்படி உங்களிடம் சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, "முதல்ல இவனுக்கு முடிச்சுவிடுங்க" என்றீர்கள்.

மழைக்காலம் முடிந்து உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று டீக்கடையில் இனிப்பில்லாத கட்டங்காப்பி குடித்தோம். உங்களுக்கும் எனக்கும் லட்டு ஆகாது. நிக்காஹ் முடிந்த வாரமே நீங்களும் எழுதிப்போடுவதாகச் சொன்னீர்கள்.

நிக்காஹ் முடிந்தது. அடுத்த வாரமே ஒரு காலையில், காய் பறிக்கப் போகும் பெண்களோடு மேட்டில் ஏறும்போது உங்களுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்கள்தான் எனக்குச் சொன்னார்கள். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, "ஆத்தா, எல்லாரும் இறங்கிக்கங்க, எனக்கு முடியல" என்று சொல்லித்தான் ரோட்டோரத்தில் மடங்கி உட்கார்ந்தீர்களாம். தேனி, அங்கிருந்து மதுரை. கணையம் அழுகிப்போய்விட்டது என்றார்கள். கடைசியாகப் பார்க்க வந்தபோது குழாய்களுக்கு நடுவே என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள். பேச்சு வரவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்தீர்கள்.

உங்களைக் கொன்றது எனக்குள்ளும் இருக்கிறது, பாய். இதை யாரிடமும் சொன்னதில்லை. வலி லேசாகக் கிள்ளினாலே அந்தக் குழாய்கள்தான் கண்முன் வருகின்றன.

போன வாரம் பாயம்மாவும் நானும் உயிர்ச்சான்று கொடுக்கப் போனோம். உங்கள் பி.எஃப். இப்போது அவர்களுக்கு விதவை ஓய்வூதியமாக வருகிறது. அந்தக் காகிதங்களுக்கு நான்தான் கூட அலைந்தேன். பழகிய வழிதானே. விரலை வைத்தால் உயிரோடு இருப்பதாக மிஷின் ஒத்துக்கொள்ள வேண்டும். பாயம்மாவின் ரேகை ஏலக்காய் தரம் பிரித்துப் பிரித்துத் தேய்ந்துபோய்ப் பதியவே இல்லை. எண்ணெய் தடவி, துடைத்து, ஒருவழியாகப் பதிந்தது.

திரும்பும் பஸ்சில் எனக்கு ஆரம்பித்தது. முதலில் விலாவுக்குக் கீழே, பிறகு முதுகில். ஜன்னலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாயம்மா கவனித்துவிட்டார்கள்.

"வலிக்குதாண்ணே?"

"இல்லம்மா, வாயுதான்."

பாயம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறகு மெதுவாக, "அவுகளும் இதையே சொல்லித்தான் என்னை விட்டுட்டுப் போனாக. பயந்தாலும் சொல்லிட்டுப் பயப்படுங்கண்ணே" என்றார்கள்.

சொன்னேன், பாய். வலிக்கிறது என்றேன். செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன். பஸ்சில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாயம்மா எழுந்து டிரைவரிடம் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னார்கள்.

பயம் போகவில்லை. இப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறேன்.