கஞ்சியில் கரைந்தது

ஜூலை 9, செவ்வாய்

கெமிஸ்ட்ரி லேபில் விமல்ராஜின் ஷூ லேஸை ஸ்டூல் காலோடு கட்டினேன். அவன் விழவில்லை. கட்டிவிட்டு நிமிர்ந்த நான்தான் விழுந்தேன். லேப் மொத்தமும் மின்விசிறி மாதிரி சுழன்றது.

"செம்ம ஆக்டிங்டா ஜினேஷு!" என்று கைதட்டினான். நான் வாந்தி எடுத்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினான்.

ஜூலை 12

படுத்தால் கட்டில் ஓடுகிறது. எழுந்தால் வீடு ஓடுகிறது.

இடது உள்காதுக்குப் போகும் நரம்பில் வைரஸாம். நன்றாகக் கேட்கிறது, நேராக நிற்கத்தான் முடியவில்லை. தலையைத் திருப்பினால் வலது காது மூளைக்குச் சேதி அனுப்புகிறது, இடது காது வாயே திறப்பதில்லை. (காதுக்கு ஏது வாய்? சரி, விடு.) பதினாறு வருஷம் வளர்த்த காது, நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டது. துரோகி.

தலைசுற்றல் மாத்திரை மூன்று நாளைக்கு மட்டும்தான், அப்புறம் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

ஜூலை 14

"செத்துடலாம் போல இருக்குதும்மா" என்று கத்திவிட்டேன். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஜூலை 22

பிசியோதெரபி ஆரம்பம். ஜெயப்ரியா மேடம். கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆட்டினேன். குமட்டியது.

"குமட்டட்டும்பா. சுத்தினாத்தான் எங்க தப்புன்னு மூளைக்குத் தெரியும். இன்னொரு காது, கண்ணு, பாதம் எல்லாத்தையும் வெச்சு புதுசா கணக்குப் போட்டுக்கும். படுத்துக்கினே இருந்தா எப்படிக் கத்துக்கும்? மாத்திரை நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு மேடம்" என்றாள் அம்மா.

காலாண்டுத் தேர்வுக்குள் நான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி பிளஸ் ஒன். "உயிரை விடவா படிப்பு? அடுத்த வருஷம் படிச்சிக்கலாம்" என்கிறாள் அம்மா. எனக்கு ஜூனியரெல்லாம் கிளாஸ்மேட்டா? விமல்ராஜ் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவான். அதற்கு வாந்தியே மேல்.

ஆகஸ்ட் 6

சுவரைப் பிடித்துத்தான் இன்னும் நடக்கிறேன். எந்நேரமும் தூக்கம். மேடத்துக்கே குழப்பம்.

"உன்கூட ஆரம்பிச்ச தாத்தா ஒருத்தரு வண்டியே ஓட்டுறாரு. வீட்ல நெஜமாவே செய்றியா, இல்ல எனக்கே காது குத்துறியா?"

செய்கிறேன் மேடம். சத்தியமாகச் செய்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் காது குத்தினவன் சொன்னால் யார் நம்புவார்? அம்மாவைப் பார்த்தேன். தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? குனிந்து கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாங்கள் சமணர்கள், இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள். எனக்கு மட்டும் தனி டம்ளரில் கேழ்வரகுக் கஞ்சி, அம்மாவே ஆற்றித் தருவாள். இன்று ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் தெம்பு. என் டம்ளரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கொட்டி அப்பாவின் இலைக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன். அப்பா வாயருகே கொண்டுபோனார்.

"அத்தக் குடிக்காதீங்க!"

உப்பைப் பார்த்துவிட்டாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது அவனுது. மாத்திரை போட்டிருக்குது."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னுமா குடுக்குற, குணமாலா?"

இன்னுமா. அந்த ஒரு சொல் போதும். இவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 12

நான் உப்பு போட்டா அஞ்சு நிமிஷத்துல சிரிச்சிருவேன். மாட்டினவனும் சிரிப்பான். அதான்யா ரூல்! நீ ஒரு மாசமா சிரிக்காம கலக்கிக் கொடுத்தியேம்மா. நான் தலையை ஆட்டி ஆட்டி வாந்தி எடுத்தேனே — பாத்துக்கினுதானே இருந்த? மேடம் என்னைப் பொய்யன்னு சொன்னப்போகூட?

என் மூளை தப்பைக் கண்டுபிடிக்கவே விடாம தூங்க வெச்சிட்டாங்க. தூங்க வெச்சது யாரு? எங்கம்மா.

ஆகஸ்ட் 14

நானே உரித்த வாழைப்பழம். நானே பிரித்த பிஸ்கெட். இந்த வீட்டில் தோல் உள்ளதும் பாக்கெட் உள்ளதும்தான் நம்பிக்கைக்கு உரியவை.

கதவுக்கு வெளியிலிருந்து அம்மா பேசினாள். "நீ செத்துடலாம்னு சொன்னல்ல. மாத்திரை குடுத்தா தூங்குன. நீ தூங்குனாத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நாளைக்கு நிறுத்திடலாம் நாளைக்கு நிறுத்திடலாம்னே..."

நான் இன்னொரு வாழைப்பழத்தை உரித்தேன். எனக்குக் கேட்டது. காது கேட்பதில் குறையே இல்லை.

ஆகஸ்ட் 20

அப்பா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேடம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மாத்திரை நின்றதிலிருந்து உலகம் பழையபடி சுழல்கிறது. ஆனால் அந்தத் தூக்கக் கலக்கம் இல்லை. இது கலப்படமில்லாத சுழற்சி.

புதுப் பயிற்சி: தலையணைமேல் கண்ணை மூடி நிற்பது. பின்னால் ஓர் ஆள் வேண்டும். அப்பா காலையிலேயே பட்டுக்கடைக்குப் போய்விடுகிறார். வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 29

கொஞ்சம் ஆடினாலே அம்மா இடுப்பைப் பிடித்துவிடுகிறாள். திட்டினேன். அழுதாள். மறுபடி பிடித்தாள்.

மேடம் அவளிடம் சொன்னார்: "நீங்க பிடிச்சா அவன் மூளை உங்க கையைத்தாம்மா நம்பும். அவன் காலை நம்பாது."

செப்டம்பர் 7

சுவர் இல்லாமல் தெருமுனைவரை. ஒரு நாய் என்னை நம்பாமல் குரைத்தது. வரிசையில் நில் நாயே, உனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலாண்டு ஆரம்பம். பஸ்ஸில் போகலாம், சைக்கிள் இப்போது வேண்டாம் என்றார் மேடம். அண்ணாந்து பார்த்து நிற்க மட்டும் இன்னும் பழக வேண்டுமாம். திருப்பருத்திக்குன்றத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடுவானேன்? நம் கோயில் மண்டபத்தின் விதானம் முழுக்க ஓவியம். அம்மாவோடு போனேன்.

மண்டபத்தின் நடுவில், தூண் எட்டாத இடமாகப் பார்த்து நின்றேன். அம்மா பின்னால். தலையை நிமிர்த்தினேன். மேலே தீர்த்தங்கரர், யானை, வரிசையாகப் பெண்கள், எல்லோரும் நழுவ ஆரம்பித்தார்கள். உடம்பு பின்பக்கம் சாய்ந்தது. இடுப்பில் அந்தக் கை வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

வலது கால் தானாக ஓர் அடி பின்னால் போய் ஊன்றியது. நான் சொல்லாமலே. யானை நின்றது. பெண்களும் நின்றார்கள்.

திரும்பினேன். அம்மா இரண்டு கையாலும் முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

தரையில் ஒரு மிதி மிதித்து, 'ஐயோ' என்று கத்தியிருக்கலாம். எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! காலைத் தூக்கியும் விட்டேன்.

மெதுவாகக் கீழே வைத்தேன்.

"விழலம்மா. கண்ணைத் தொறந்து பாரு."