கடிதத்தின் கடைசி வரி

புதன்கிழமை, ராத்திரி

டத்தோ இன்னிக்கு ஒரு விரலை வச்சே என் வாயை அடைச்சுட்டார்.

அவர் முப்பது வருஷம் ராணுவத்துல இருந்து, தளபதியா ஓய்வு பெற்று, டத்தோ பட்டம் வாங்கினவர். இப்ப மாநில ஆட்சிக்குழு உறுப்பினர், மந்திரி மாதிரி. நான் அவரோட காரியதரிசி. போன வாரம் சுங்கை பினாங் அடுக்குமாடிக் கூட்டத்துல, லிப்ட் ஓடலைன்னு லாரி ஓட்டுற முனியாண்டி சத்தம் போட்டார். டத்தோ அந்தப் பழைய குரல்ல, "உட்காரு!"ன்னு அதட்டிட்டார். மனுஷன் உட்கார்ந்துட்டார். மண்டபமே அடங்கிப்போச்சு.

இன்னிக்குக் காலையில முனியாண்டிக்கு மன்னிப்புக் கடிதம் அடிக்கச் சொன்னார். அரசாங்கக் கடிதம்னா, கையெழுத்துக்கு மேல "உத்தரவுக்குக் கீழ்ப்படியும் நான்"னு மலாய்ல ஒரு வரி வரும். அதை நானே எடுத்துட்டேன். இவ்வளவு பெரிய மனுஷர் மன்னிப்புக் கேக்குறதே எனக்குப் பொறுக்கலை. இதுல கீழ்ப்படியிறது வேறயா?

கையெழுத்துப் போட வந்தவர் பேனாவைக் கீழே வச்சார். "கடைசி வரி எங்கேம்மா?"

"அதெல்லாம் ஆபீஸ்ல எழுதுற கிராணிங்க போடுறது லா, டத்தோ. உங்களுக்கு யாரு உத்தரவு போடுறா?"

அவர் கடிதத்துக்கு மேலே முனியாண்டின்னு இருந்த பேர் மேல விரலை வச்சார்.

திரும்ப அடிச்சுக் கொடுத்தேன். கடிதத்தைத் தானே எடுத்துக்கிட்டு முனியாண்டி வீட்டுக்குக் கிளம்பினார். லிப்ட் இன்னும் ஓடலை. முட்டி வலியோட பதினோரு மாடி ஏறினாராம்.

பதினெட்டு வருஷமா அந்த வரியை அடிக்கிறேன். இன்னிக்குத்தான் படிச்சேன்.