இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை

வாய் ஓயாத என் அன்புத் தங்கை வசந்தாவுக்கு,

நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உன் படத்துக்கு நான் மாலை போடுவதில்லை. வாடியதும் அதைக் கழற்றும் வேலையும் எனக்கே வரும். இன்று எழுதுவதற்குக் காரணம் உன் நினைவு பொங்கியதும் அல்ல. நேற்று நான் ஒரு பொய் சொன்னேன். அதை முதலில் உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் இந்த வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் யாழினி கருவுற்றிருக்கிறாள். நீ போனதிலிருந்து கடலூரில் என்னோடு இருந்து, தினமும் சிதம்பரத்துக்குப் பேருந்தில் போய்ப் படிக்கிறாள். முதுகலை இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. பையன் உடன் படிப்பவன், திட்டக்குடிக்காரன், பெயர் சேகர். திருமணம் சென்ற மாதம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. குழந்தை அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. இருவருமே இதைத் திட்டமிடவில்லை என்று எனக்கு விளக்கினார்கள். விளக்காமலே புரிந்தது. குழந்தையும் வேண்டும், படிப்பையும் விடமாட்டேன் என்கிறாள். உன் மகள்தானே.

சண்டை அதில் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தால் அரசின் மகப்பேறு உதவித்தொகையும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். பதிய வேண்டும் என்றாள். நான் மறுத்தேன்.

“நம்ம வீட்டுக்கு எதுக்கு அதெல்லாம்? வேணுங்கறத நான் தர்றேன்.”

“நீங்க குடுத்தா காலம் பூரா நன்றி சொல்லணும் பெரியம்மா. அவுங்க குடுத்தா ஒரு கையெழுத்தோட முடிஞ்சிபோவும்.”

“அது இல்லாதவங்களுக்கு.”

“எங்க ரெண்டு பேர்கிட்ட என்ன இருக்கு? வருசா வருசம் கருவூலத்துக்குப் போயி, உசுரோடதான் இருக்கேன்னு காட்டிட்டு வர்றீங்களே. அது மட்டும் கௌரவமா?”

அது நான் உழைத்துப் பெற்ற ஓய்வூதியம் என்றேன்.

“நான் மட்டும் சும்மாவா சொமக்கறேன்?” என்றாள்.

நலத்திட்டம் பிச்சையல்ல, உரிமை என்று கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவள் நான். கரும்பலகையில் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அது நம் வாசலுக்கு வந்து பெயர் கேட்காது.

மறுநாளே அவள் துணிகளையும் புத்தகங்களையும் பெட்டியில் அடுக்கிவிட்டாள். திட்டக்குடியில் சேகரின் அம்மா பதிவு செய்துவைப்பாராம். அங்கிருந்து இந்த உடம்போடு தினமும் சிதம்பரம் வந்துபோக முடியாது. போனால் படிப்பும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

நேற்றுக் காலை தெருவுக்கு வழக்கமாக வரும் செவிலியர் செல்வி கதவைத் தட்டினாள். நீ பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓய்வு பெறும்வரை பார்த்த அதே வேலை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நீ சொல்வாயே: “குடிசையில எவளும் மறைக்க மாட்டாக்கா. மாடி வீட்லதான் ‘இங்க அப்படி யாரும் இல்ல’ம்பாங்க. நான் ஒடனே குடிக்கத் தண்ணி கேப்பேன். உள்ள ஒளிஞ்சிருக்கறவளே கொண்டாந்து தருவா.” நான் சிரிப்பேன். ஒருமுறை, வேண்டாம் என்பவர்களைத் தேடிப்போய்ப் பிச்சை போடுகிற உத்தியோகம் என்றும் சொன்னேன். நீ பதில் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டாய். உனக்கு வலித்ததா, வசந்தா? பேச்சை நிறுத்தாத நீ அன்று மட்டும் ஏன் நிறுத்தினாய்?

“வீட்ல மாசமா யாராவது இருக்காங்களா மேடம்?” என்றாள் செல்வி.

“இங்கே அப்படி யாரும் இல்லை” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா?

“சரிங்க மேடம். வெயில் ஜாஸ்தியா இருக்கு. ஒரு சொம்பு தண்ணி குடுங்க, போயிடறேன்.”

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் திரும்புவதற்குள் யாழினி சொம்போடு வந்து நின்றாள். உன் கதையை அவளும் கேட்டுத்தானே வளர்ந்தாள்.

“எத்தினி மாசம்மா?”

“மூணு முடியப்போவுதுக்கா.”

“மேடம் யாரும் இல்லன்னாங்களே.”

“பெரியம்மா பொருளாதாரம் படிச்சவங்க. கணக்குல வராதத ஒத்துக்க மாட்டாங்க.”

செல்வி சிரிக்கவில்லை; நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்ணீர் கேட்கும் வித்தையைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது வசந்தா அக்கா என்றாள். இது உன் அக்கா வீடு என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெட்கத்தில் மூடிக்கொண்டேன்.

குறிப்பேட்டைப் பிரித்து அவள் கேட்டாள்: “எந்த வீட்டு வெலாசம் போடட்டும்? மாசா மாசம் அங்கதான் ஆளு வரும்.”

யாழினி தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். அவள் பெட்டி கூடத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது.

கதவு எண்ணை நான் சொன்னேன். எழுத்துத் தவறிவிடக் கூடாது என்று தெருப் பெயரோடு இன்னொரு முறையும் சொன்னேன்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதே. பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. கேட்டால் “பாப்பம்” என்கிறாள். என் வாக்கை நம்ப அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? இருந்தாலும் இன்று காலை பேருந்துக்குப் போகும்போது, புத்தகங்களை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளோடு நானும் போகிறேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாருக்காக வந்தீர்கள் என்று எவர் கேட்டாலும் உரக்கச் சொல்வேன். தேர்வு முடியும்வரை அவள் படிப்பிலிருந்து எழ வேண்டாம். செல்வி அடுத்த மாதம் வந்து தண்ணீர் கேட்டால், சொம்பை நானே கொண்டுவருவேன். இது உன் அக்கா வீடு என்பதையும் அப்போது அவளுக்குச் சொல்வேன்.

நீ தட்டியிருந்தால் உன்னிடமும் அதே பொய்யைச் சொல்லியிருக்கக்கூடிய உன் அக்கா,
கோமதி